சுப்புத்தாயின் வெள்ளைக் கேன்

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் குலை வெட்டப் போகும் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விடியுமுன் ஓடைக்கரைக்கு ஒருமுறை போய் வந்துவிட்டால், அப்புறம் இருட்டும்வரை தொண்டையில் தண்ணீர் இறங்காது. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பெட்டி தூக்கும் ஆண்கள். குடித்தால்தானே தொல்லை? குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

சுப்புத்தாய் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். உச்சி வெயிலில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டாலும் ஒரு வெற்றிலையை மென்று சமாளிப்பாள். "சுப்புத்தாயி ஒரு சொட்டுத் தண்ணி கேக்க மாட்டா" என்று தோட்ட முதலாளி சுந்தரலிங்கமே நாலு பேர் முன்னால் மெச்சியிருக்கிறார். அதை ஏதோ பட்டம் கொடுத்ததுபோல் சுமந்துகொண்டு திரிந்தாள், பைத்தியக்காரி. மற்றபடி ஏமாளி இல்லை. குலை வெட்டும் பெண்கள் கூட்டத்துக்கு, அவர்கள் பேச்சில் வெட்டு செட்டுக்கு, அவள்தான் தலைவி. அவள் வாய்க்குப் பயந்து கேரளா லாரிக்காரர்கள்கூடப் பெட்டியைப் பதமாகத்தான் அடுக்குவார்கள்.

போன கோடையில் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகப் பிரிவிலிருந்து டாக்டர் அனுசுயா தன் குழுவோடு ஊருக்கு வந்தார். சர்க்கரையும் இல்லாமல், ரத்தக் கொதிப்பும் இல்லாமல், வெயிலில் பாடுபடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ச்சி. செட்டுப் பெண்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைக் கேனைக் கொடுத்து, ஒரு பகல், ஒரு ராத்திரி போகிற சிறுநீர் மொத்தத்தையும் அதில் சேர்த்துத் தரச் சொன்னார்கள்.

மறுநாள் கேனைத் திருப்பிக் கொடுக்கும் முன், சுப்புத்தாயின் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஒருத்தி கேனிலும் கால்வாசிகூட இல்லை. இருந்ததும் கடுங்காப்பி நிறம்.

"ஏக்கா, இதக் கொண்டுபோயிக் குடுத்தா என்ன நெனப்பாக?" என்றாள் பொன்னாத்தாள். செட்டிலேயே இளையவள், போன வருஷம் கல்யாணமாகி வந்தவள். "சீக்குக்காரினு சொல்லி வேலையக் கெடுத்துப்புடுவாகளோ?"

சுப்புத்தாய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கொழாயத் தொறடி" என்றாள்.

எல்லாக் கேனும் கழுத்து வரை நிரம்பியது. ஆஸ்பத்திரிக்காரர்களை ஏய்த்துவிட்டோம் என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் சுப்புத்தாய்க்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கொஞ்ச நாளில் அவளைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறைக்குப் போகும் வழியில் டயாலிசிஸ் வார்டு இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் வயதுக்காரி ஒருத்தி கையில் குழாயோடு படுத்திருந்தாள். அவள் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சுப்புத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க சிறுநீரகம் பாதி வேலைதாம்மா பாக்குது" என்றார் அனுசுயா. "ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. வேல நேரத்துல தண்ணி குடிக்காததால வருதோன்னு நெனச்சுத்தான் உங்க ஊருக்கே வந்தோம். உங்க செட்டுல எல்லாரும் நல்லாத் தண்ணி குடிக்கிறீங்க. கேன் நெறஞ்சு வந்திருக்கு. அப்ப காரணம் வேற எதுவோதான்."

சுப்புத்தாய்க்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன் பின்னாலேயே கோபம் ஏறியது. தன்மேலும் கோபம், வாய் நனைக்காமல் நின்ற இத்தனை வருஷத்தின்மேலும் கோபம்.

"நாங்களா? நாங்களா டாக்டரம்மா தண்ணி குடிக்கிறம்? கேன்ல பாதிக்கு மேல கொழாத்தண்ணி. நாந்தேன் ஊத்தச் சொன்னேன்."

அனுசுயாவின் முகம் கடுத்தது. மாதக்கணக்கில் செய்த வேலை வீணாகியிருந்தால் யாருக்குத்தான் கடுக்காது? "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"கொஞ்சமா இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு."

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "போனது இனிமே திரும்பி வராது. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். வேல நேரத்துல தண்ணி குடிக்கணும், அவசரம்னா அடக்காமப் போகணும். இல்லேன்னா, வர்ற வழியில பாத்தீங்கள்ல, அங்கதான்."

"புதுக் கேனு குடுங்க" என்றாள் சுப்புத்தாய். "எல்லாத்துக்கும் குடுங்க. உள்ளது உள்ளபடி கொண்டாறோம்."

கொண்டுவந்தார்கள். கடுங்காப்பி நிறத்தில், கேனின் அடியில் மட்டும்.

அதற்கடுத்த வெட்டு நாளில் சுப்புத்தாய் தோட்டத்துக்கு ஒரு குடம் தண்ணீரும், நாலு மூங்கில் கழியும், இரண்டு பழைய சேலையும் கொண்டுவந்தாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் குழி தோண்டி, கழி நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டினாள். பிறகு நட்டநடுத் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

சுந்தரலிங்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "என்ன இது, கூத்துக்கொட்டகையா?"

"ஒதுங்குற எடம், முதலாளி."

"லாரி நிக்கிது. ஆளாளுக்கு ஒதுங்கப் போனா எப்பக் குலை வெட்டுறது? ஒனக்குச் சீக்குன்னா வீட்ல போயிக் கெட. வேற ஆளு இல்லயா?" என்றபடியே சேலையைப் பிடித்து இழுத்தார். ஒரு பக்கம் அவிழ்ந்து விழுந்தது.

சுப்புத்தாய் குலை வெட்டும் கத்தரியைப் பெட்டியின்மேல் வைத்தாள். "ஒரு சொட்டுத் தண்ணி கேக்க மாட்டேன்னு சொன்னீகள்ல? இப்பக் கேக்குறேன். எனக்கு மட்டுமில்ல, எங்க எல்லாத்துக்கும். அந்த மெஷினுல போயிப் படுக்க நான் தயாரா இல்ல முதலாளி. இந்த மறைப்பு நிக்கிற வரைக்குந்தேன் கத்தரி ஓடும்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளூரப் பயம் இல்லாமல் இல்லை. இந்த வேலை போனால் வேறு தோட்டத்தில் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்போது பொன்னாத்தாள் தன் கத்தரியைக் கொண்டுவந்து சுப்புத்தாயின் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள்.

சுந்தரலிங்கம் பக்கத்து ஊர் செட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதுதான் அவர் செய்த தப்பு. அந்த ஊருக்கும் வெள்ளைக் கேனும் டாக்டரின் புத்திமதியும் போயிருந்தன. "வர்றோம் முதலாளி, அங்கன மறைப்புக் கட்டியிருக்காகளா?" என்ற குரல் எல்லோர் காதிலும் விழுந்தது.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முதலாளி தலைக்கு மேலே தொங்கும் குலைகளைப் பார்த்தார். "கட்டித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மனிதர் மனம் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பழம் கனிந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் மறுபடி கேன் கொடுக்கும் முறை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சுப்புத்தாய் கேனை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். போன தடவை பைக்குள் போட்டு, மேலே துண்டைச் சுற்றி மறைத்துத்தான் கொண்டுபோயிருந்தாள்.

கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "என்னத்தா அது, எண்ணெயா? சிந்திப்புடாம வச்சுக்க."

"எண்ணெ இல்லய்யா, மூத்திரம்" என்றாள் சுப்புத்தாய், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "கழுத்து வரைக்கும் என்னோடது. ஒரு சொட்டுக் கொழாத்தண்ணி கெடையாது."