அத்தையின் லைன் டெஸ்ட்

என் அத்தைக்குப் பின்னாளில் செல்போன் கடை மூன்று ஆனது. நெசவுக்காரர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார். மேடையில் சால்வை போட்டார்கள். ஆரம்பத்தில் இருந்தது ஒரு எஸ்.டி.டி. பூத் மட்டும்தான், காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் போகிற வழியில். கண்ணாடி அறைக்குள் போன். வெளியே அத்தையின் மேஜை, அதில் சிவப்பு எண் ஓடும் மீட்டர். போலியோவில் ஒரு கால் சூம்பியவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை பாதி ரேட். கூட்டம் வாசலைத் தாண்டும். எனக்கு ஒன்பது வயது. பில் கிழித்துக் கொடுப்பேன். கலெக்டர் உத்தியோகம் என்று நினைப்பு.

தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கும் அம்மா ஒருத்தர் வருவார். மகளை சூரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவரிடம் மட்டும் அத்தை ஒரு உதவி கேட்பார்.

"லைன் சரியில்லக்கா. டெஸ்ட் பண்ணணும். நான் சொல்ற வரைக்கும் பேசிக்கினே இருங்க. இதுக்கு பில் கிடையாது."

"இன்னிக்கும் ரிப்பேரா? என்னாமா பூத் நடத்துற நீ?" என்று திட்டிவிட்டுத்தான் அவர் உள்ளே போவார்.

ஒரு ஞாயிறு அப்படித்தான் போனார். மகள் பிள்ளை பெற்று அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தாள். போனை எடுத்த மருமகன் அவளைக் கூப்பிட உள்ளே போயிருந்தார்.

"சூரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்பா," என்றார் வரிசையில் ஒருத்தர்.

"லைன் டெஸ்ட் நடக்குது, இருங்கபா," என்றார் அத்தை.

நான் விடவில்லை. "லைன் நல்லாதான் இருக்குது அத்தை. நேத்துதான் லைன்மேன் பார்த்துட்டு சொன்னாரு. நீதான் மீட்டரை ஆஃப் பண்ணிட்ட."

வெக்கைக்குக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மகள் குரல் வருவதற்குள் போனை வைத்துவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்த காசை மேஜையில் வைத்தார்.

"எதுக்குக்கா?"

"இருக்கட்டும்மா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சரியாகத்தான் சொன்னோம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அத்தை வாயைத் திறக்கும் முன்பே, "மீட்டரைப் போடுமா," என்றார். கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டார். பதில் நீளமாக வந்ததுபோல. பாதியில் வைத்துவிட்டார்.

வரிசை சீக்கிரம் நகர்ந்ததில் எனக்கு சந்தோஷம். பில்லைக் கிழித்து நீட்டினேன்.