ராமுத்தாய்க்கு வைத்த முறை

சுருளிப்பட்டி வயல்காட்டில் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் ஒச்சாண்டியின் பொறுப்பு. வெள்ளாமை செய்யும் ஊர்ச் சம்சாரிகள் அவரை நீர்பாய்ச்சியாக வைத்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் சுருங்கும் கோடையில் அவர் முறை வைப்பார். இன்றைக்கு மேல்வயலுக்கு, நாளைக்குக் கீழ்வயலுக்கு. தண்ணீர் கிடைக்காத நாளில் பயிர் வாடும். மறுநாள் ஈரம் பட்டதும் நிமிர்ந்துவிடும். பாதித் தண்ணீரில் ஊர்ப்பயிரையே கரைசேர்த்த மனிதர் என்று அவருக்குப் பேர்.

அவருடைய ஒரே மகள் ராமுத்தாய்க்குப் பத்து வயதில் சர்க்கரை வியாதி வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் ஈர்க்குச்சியாய் மெலிந்துபோன பிள்ளையை உத்தமபாளையத்து டாக்டர்தான் பிழைக்கவைத்தார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசியைக் கொதிக்கவைத்துப் போட ஒச்சாண்டியின் மனைவி மாயக்காளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மருந்துக் குப்பியைச் சூடுபடாமல் ஈரமணல் சட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் பிள்ளை ஓடியாடித் திரிந்தாள்.

பிறகு உலகச் சண்டை முற்றியது. டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சீமையிலிருந்து கப்பல் வந்தால்தான் மருந்து, கப்பலோ வந்தபாடில்லை. ஒச்சாண்டி, பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரியில் ஓடிய கரிபஸ் ஏறி மதுரைக்குப் போனார். மருந்துக் கடைக்காரர் முகம் பார்க்காமலே சரக்கு இல்லை என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒச்சாண்டி கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் பின்வாசல் வழியாகப் போய் அட்டைப்பெட்டியோடு திரும்பினார். இல்லாத சரக்கு காருக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? பிள்ளைகளின் உயிரைப் பதுக்கி வைத்து விற்கிற கை விளங்குமா? ஒச்சாண்டிக்கு அப்படியெல்லாம் கேட்கத் தெரியவில்லை. ஊருக்கு வந்து, கறவை மாட்டை விற்று, மறுபடி போனார். அந்தக் காசுக்கு ஒரே ஒரு குப்பி கொடுத்தார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, சண்டை முடியட்டும் என்றார்கள்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி என்று முறை வைத்தார்.

மாயக்காளுக்கு மனசு கேட்கவில்லை. "ஒருவேள கூடத் தவறக்கூடாதுன்னுல்ல டாக்டரு சொன்னாக?"

"சொன்னவுக இங்கன இல்லயே. இருக்குறத மொத்தமாப் பாய்ச்சிட்டு அப்புறம் பிள்ளையக் காயப்போடவா?"

ஊசி இல்லாத நாளில் ராமுத்தாய் துவண்டு கிடந்தாள். ஊசி போட்டதும் எழுந்து கஞ்சி கேட்டாள். பார்த்தாயா, பயிர் நிமிர்ந்துவிட்டது என்று அவர் மாயக்காளிடம் பெருமையாகச் சொன்னார். பாவி மனிதர், உண்மையிலேயே நம்பினார்.

ஒருநாள் காலையில் பிள்ளை வாந்தியெடுத்தாள். மூச்சில் அழுகின பழ வாடை அடித்தது.

"அய்யா, இன்னைக்கு எனக்கு முறையா?"

"நாளைக்குத்தான் ஆத்தா. இன்னைக்கு ஒருநா பல்லக் கடிச்சுக்க."

மாயக்காள் மருந்தை எடுக்க மணல் சட்டிக்குள் கையை விட்டாள். அவர் சட்டியை வாங்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டு வயலுக்குப் போனார். பொழுதுசாய வீட்டுக்கு வந்தபோது ராமுத்தாய்க்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பதறிப்போய் குப்பியை இறக்கித் தானே ஊசி போட்டார். மருந்து கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய முறை. அது விடியுமுன்பே மூச்சு அடங்கிவிட்டது.

குப்பியில் பாதிக்குமேல் மருந்து மிச்சம் இருந்தது.

அடுத்த கோடையில் வாய்க்கால் சுருங்கியது. முறை வைக்கச் சொல்லிச் சம்சாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒச்சாண்டி மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தார்.

"வேற ஆளப் பாருங்க. காஞ்சு கெடக்குற வயலப் பாத்து நாளைக்குன்னு சொல்ல எனக்கு இனி வாய் வராது."