ஜெரோமின் இடப்பக்க இருக்கை

செய்தி வந்தபோது நான் காருக்குள்தான் இருந்தேன். லிந்துலையைத் தாண்டியதுமே பனி இறங்கி, முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் பின்விளக்குகளை விழுங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கச் சிக்னல்களையும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பனியில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குப் பழக்கியவர் ஜெரோம். கைப்பேசியில் அவருடைய மனைவி ஸ்டெல்லாவின் பெயர் தெரிந்தது.

"டீச்சர், அவரு போயிட்டாருங்க" என்றார். "காலையிலதான். நோவு ஒண்ணும் தெரியல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பனி விலகிய பிறகும் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் நிறுத்தி, "வண்டி மக்கர் பண்ணுதுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தலவாக்கலையில் லேர்னர்ஸ் என்னும் வாகனப் பயிற்சிப் பள்ளி நடத்திய ஜெரோமை இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் மருத்துவிச்சிகள், ஆசிரியைகள், கொழும்பில் வேலை தேடிப் புறப்படும் முன் லைசன் எடுக்க வந்த பையன்கள் என்று எத்தனையோ பேர் அவருடைய வெள்ளைக் காரில்தான் முதல் கியரைப் போட்டோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒல்லியான மனிதர். எந்நேரமும் கழுத்துவரை பூட்டிய பழுப்பு ஸ்வெட்டர். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து லொறி ஓட்டி, பிறகு சொந்தமாக லேர்னர்ஸ் தொடங்கியவர். சாகும்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

என் கணவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கி, எங்கள் கார் வீட்டு வாசலில் படங்குத் துணிக்குள் நின்ற காலத்தில் நான் அவரிடம் போனேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. "தம்பி, இந்த வயசுல எனக்கு வருமா?" என்று கேட்டேன்.

"கார் உங்க வயச கேக்காதுங்க டீச்சர்" என்றார். "கிளச்ச மட்டும்தான் கேக்கும்."

சாவியைத் திருப்பியதும் எரியும் விளக்குகளைப் பார்க்கச் சொல்வதுதான் அவருடைய முதல் பாடம். எல்லாம் எரியும். பிறகு ஒவ்வொன்றாக அணையும். அவை அணைந்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நான் பழகத் தொடங்கிய சில நாட்களிலேயே அவற்றில் ஒன்று அணைய மறுத்தது. உட்கார்ந்த மனிதனுக்கு முன்னால் ஒரு பந்து நிற்பது போன்ற சிவப்புப் படம். மோதினால் விரிந்து நம்மைத் தாங்கும் காற்றுப்பைக்குரிய விளக்கு அது என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

வண்டி எப்போதும்போல ஓடியது. பிரேக் பிடித்தது. அந்த விளக்குக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். கறுப்பு டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டிவிடச் சொன்னார் ஒரு லொறிக்காரர். ஹட்டனில் ஒரு கராஜில் கருவியொன்றைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினார்கள், விளக்கு அணைந்தது. திரும்பி வரும் வழியிலேயே மீண்டும் எரிந்தது.

"டேப் ஒட்டினா வெளக்குதான் மறையும். அது எதுக்கு எரியுதோ, அது அப்படியேதான இருக்கும்?" என்றார் ஜெரோம். அதோடு, யாரையும் பிரதான பாதையில் ஓட்டவிடுவதை நிறுத்திவிட்டார். அந்த விளக்கு எரிந்தால் மோதும்போது ஒரு பையுமே விரியாமல் போகலாம் என்று எங்கோ கேட்டு வந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பழகுநர்களை அப்படி உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. பொறுமையில்லாத சிலர் வேறு லேர்னர்ஸுக்குப் போனார்கள். அவர் தடுக்கவில்லை. எஞ்சிய எங்களை நீர்த்தேக்கத்தின் பக்கமுள்ள மைதானத்துக்கு அழைத்துப்போனார்.

அந்த வாரங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மைதானத்தில் ஓட்டும் தூரம் கொஞ்சம்தான். மழை பிடித்தால் அதுவும் இல்லை. அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, "கண்ண மூடிக்குங்க டீச்சர். நுவரெலியா போவோம்" என்பார்.

கண்ணை மூடுவேன். கூரையில் மழை விழும். கண்ணாடிகளை நம் மூச்சே மூடியிருக்கும். பக்கத்திலிருந்து அவருடைய குரல் மட்டும் தணிவாக வரும். "லிந்துலை தாண்டிட்டோம். ஏத்தம் வருது. என்ன கியர்?"

"ரெண்டு."

"எதிர்ல பஸ் வருது. எங்க ஒதுங்குவீங்க?"

"பஸ் எங்க நிக்குது தம்பி?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான பாக்கறீங்க."

உண்மையாகவே பார்த்தேன். பஸ்ஸின் முகப்பில் கட்டிய மாலையைப் பார்த்தேன். வடிகானோரம் கொழுந்துக் கூடையோடு நின்று வழிவிட்ட பெண்களைப் பார்த்தேன். நானுஓயாவில் ரயில் பாதையைக் கடந்தபோது தண்டவாளங்கள் நனைந்து மின்னின. மேலே போகப் போகக் குளிர் முழங்காலில் ஏறியது. யூகலிப்டஸ் வாசனைகூட வந்தது. கண்ணைத் திறந்தால் அதே மைதானம். கோல் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு மாடு. எனக்கு இறங்கவே மனம் வரவில்லை.

"எங்க போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"ரேஸ் கோர்ஸ் வரைக்கும்."

"பார்க் பண்ண எடம் கெடைச்சிச்சா?"

அவர் சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்காமல், கிடைத்தது என்றேன்.

கடைசியில் ஹட்டனில் நிமல் என்ற மின் வேலைக்காரரிடம் வண்டியைக் கொண்டுபோனார். வண்டியின் மின்கம்பி வேலை மட்டும்தான் நிமல் செய்வார். சிங்களவர், பக்கத்துத் தோட்டப் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்ததால் தமிழ் நம்மைப்போலவே பேசுவார். அன்று எனக்கும் ஹட்டனில் வங்கி வேலை இருந்ததால் கூடவே போயிருந்தேன். நிமலும் அதே மாதிரிக் கருவியைத்தான் செருகினார். ஆனால் பொத்தானை அழுத்தி விளக்கை அணைக்கவில்லை. திரையில் வந்ததை வாசித்தார். "முன் சீட், இடது பக்கம்" என்றார். அது பழக்குபவர் உட்காரும் பக்கம்.

முதலில் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்புகளைப் பார்த்தார். ஈரக் குடைகளை நாங்கள் அங்கேதான் தள்ளிவைப்போம். ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. துடைத்து இறுக்கினார். இரண்டு நாள் விளக்கு வரவில்லை. ஜெரோம் எல்லோருக்கும் போன் போட்டு, நாளை பாதைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியலில் சாரல். சாவியைத் திருப்பினால், மற்றவை அணைந்த பிறகும் அந்தச் சிவப்பு மனிதன் போகவில்லை.

மீண்டும் நிமலிடம் போனார். எனக்கு மனம் கேட்காமல் நானும் போனேன். நிமல் பெட்டரியின் கம்பியைக் கழற்றினார். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று எங்களுக்குப் பிளேன்டீ வரவழைத்தார். குடித்து முடித்த பிறகு இடது இருக்கைக்கு எதிரேயுள்ள முன்பக்கப் பெட்டியைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்தார். பிறகு, "ஜெரோம், இங்க வாங்க" என்றார்.

உள்ளே ஒரு வெற்று இரும்புச் சட்டம். பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதற்கு வரும் கம்பிகளின் முனையில், பயறு அளவான ஒரு சிறு பொருளைப் பற்றவைத்து டேப் சுற்றியிருந்தார்கள்.

"எப்பவோ மோதியிருக்கு. பை விரிஞ்சதும் கழட்டிப் போட்டுட்டு மேல வேற மூடி போட்டிருக்காங்க" என்றார் நிமல். "வண்டிய ஏமாத்தத்தான் இந்தச் சின்னச் சாமான். இது இருந்தா, பை இருக்குன்னு வண்டி நம்பிக்கும். இப்ப ஈரத்துல இது கெட்டுப் போச்சு. அதான் வெளக்கு."

ஜெரோம் முதலில் கேட்ட கேள்வி இது: "ஓட்டறவங்க பக்கம்?"

நிமல் ஸ்டியரிங்கின் நடுப்பகுதியையும் கழற்றிப் பார்த்தார். "இங்க இருக்கு. கம்பெனி போட்டதே."

ஜெரோமின் தோள்கள் இறங்கின. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். "அப்ப சரி" என்றார். அத்தனை வருடங்கள் கிளச்சும் பிரேக்கும் பிரித்தறியாத எங்களை நம்பி வெறும் மூடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஏதோ பரீட்சையில் தேறியவர்போல முகம் தெளிந்து எங்களைப் பார்த்தார். அந்தத் தெளிவு கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லா அங்கதான உக்காருது."

வேறொரு சின்னச் சாமானைப் போட்டால் இப்போதே விளக்கு அணையும், மற்றப் பையும் வேலை செய்யும், புதியது வரும்வரை சமாளிக்கலாம் என்று நிமல் சொன்னார். ஜெரோம் வேண்டாமென்றார். "இல்லாதத இருக்குன்னு இன்னொரு தடவ சொல்ல வேணாம். பை வர்ற வரைக்கும் எரியட்டும்."

வண்டியை விற்றவரைத் தேடிப் போனார். திரும்பி வந்ததும் ஸ்டெல்லா கோபத்தோடு கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். "ஒரு வார்த்த கேக்கலியா நீங்க?"

"கேட்டேன். அவரு வாங்கினப்பவும் அப்படித்தானாம்."

"நம்பிட்டீங்களா?"

"அவரு வீட்டம்மாவும் வெளிய வந்து நின்னாங்க ஸ்டெல்லா. அவங்களும் அந்த சீட்லதான உக்காந்திருப்பாங்க. நான் சொன்னதும் ரெண்டு பேரு மொகமும் ஒரு மாதிரி ஆயிருச்சி. அதுக்கு மேல என்னத்த கேக்க?"

ஸ்டெல்லா சமையலறைக்குப் போய்விட்டார்.

புதிய பை கொழும்பிலிருந்து வருவதற்கு மாதங்கள் எடுத்தன. அதுவரை ஜெரோம் மனைவியைப் பின் இருக்கையில்தான் உட்காரவைத்தார். ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கு அப்படிப் போய் இறங்கியதும் பேச்சுக் கிளம்பியது. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை, ஸ்டெல்லா வாடகைக்குப் பிடித்த ஹயர் வண்டியில் வருவதுபோல வந்து இறங்குகிறது என்றார்கள். பங்குச் சபையிலிருந்து ஒரு பெரியவர் சமாதானம் பேச வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெரோம் அவரைக் காருக்குக் கூட்டிப்போய், முன்பக்கப் பெட்டியைத் திறந்து, காற்றுப்பையைப் பற்றி முழுவதும் விளக்கியிருக்கிறார். பெரியவர் கேட்டுவிட்டு, "சரி மகன், இருந்தாலும் விட்டுக்கொடுத்துப் போங்க" என்றாராம். இதை ஸ்டெல்லா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பை பொருத்திய அன்று நிமல் சாவியை ஜெரோமிடம் கொடுத்தார். ஜெரோம் என்னை ஓட்டும் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பக்கம் ஏறினார். திருப்பினேன். எல்லா விளக்குகளும் எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பு மனிதன் கொஞ்சம் தயங்கி, பிறகு போய்விட்டான். அந்த இடம் இருட்டாக, வெறுமையாக, அழகாக இருந்தது. கராஜ் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அணைச்சிட்டு இன்னொருக்கா போடுங்க டீச்சர்" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு வெளியே பாதையைக் காட்டி, "எடுங்க" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு நான் நுவரெலியாவுக்கு ஓட்டியது அந்த வாரம்தான். நான் கண்டுவைத்திருந்த இடத்தில் ஒரு வளைவுகூட இருக்கவில்லை.

பிறகு நான் லைசன் எடுத்தேன். கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் கவலை தீர்ந்தது. ஜெரோமுக்கு வயிற்றில் நோய் வந்ததும் அதற்குப் பிறகுதான். கண்டிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. ஓட்ட அவருக்குத் தெம்பில்லை. "நான் ஓட்றேன் தம்பி" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். சாவியை நீட்டினார்.

பூண்டுலோயா வழியாக இறங்கிப் போவோம். அவர் இடப்பக்கத்தில், ஸ்டெல்லா பின்னால். பழக்கும் வண்டி என்பதால் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முதல் பயணத்தில் வளைவுக்கு வளைவு அவருடைய கால் அதைத் தேடிப் போவதைப் பார்த்தேன். நான் பிடிப்பதற்கு ஒரு கணம் முன்னரே அவர் பாதம் அங்கே இருக்கும்; ஆனால் மிதிக்கமாட்டார்.

கடைசியாகப் போய்த் திரும்பிய நாளில், கொத்மலை நீர்த்தேக்கம் கீழே வெள்ளையாகத் தெரியத் தொடங்கும் இடத்தில், பின்னாலிருந்து ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டார். "டீச்சர், தூங்கிட்டாருங்களா?"

திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்வெட்டரின் மேல் பொத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா."

"அடுத்தவங்க ஓட்ற வண்டியில தூங்கவேமாட்டாருங்க. பஸ்ஸுலகூட காலால பிரேக் மிதிச்சிக்கிட்டேதான் வருவாரு."

ஏற்றங்களில் கியரை மாற்றியபோது அவர் விழித்துவிடக் கூடாது என்று கவனமாக மாற்றினேன். மேகம் பாதைக்குக் குறுக்கே வந்து போய்க்கொண்டிருந்தது. தலவாக்கலை வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் அவர் சொன்ன வார்த்தைகள் நிறைய இருக்கும், என்னிடமும் இருக்கின்றன. ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் எதுவும் சொல்லாத அந்த மாலையைத்தான். ஒருமுறை வளைவில் கீழே பார்த்தேன். அவருடைய கால் பிரேக்கை விட்டு விலகி, செருப்புக் கழன்று, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.