வீட்டைப் பார்த்து ஓட்டியவள்

யாரைப் படம் பிடித்தாலும் ஹத்தா உடனே கேமராவைத் திருப்பி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். "பாத்துக்கோ. பிடிக்கலேன்னா இப்பவே சொல்லு. நாளைக்கு ஒன் மாமியார் பாத்துட்டு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது" என்பாள். மலையூரான கெனிஃப்ராவில் மருதாணி விருந்து என்றால் பெண்கள் கூடத்தில் கேமரா அவளுடையதுதான். தலைத்துணியை எறிந்துவிட்டு ஆடினவள், நாத்தனாரை முறைத்தவள், மூன்றாம் தடவை கறித்தட்டுக்குக் கை நீட்டினவள் எல்லாரும் மறுநாள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள், "படத்துலருந்து என்னய எடுத்துருடி" என்று. எடுத்துவிடுவாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதனால்தான் அவளை உள்ளே விடுகிறார்கள்.

நாற்பத்தைந்து வயது. குட்டை. கேமரா சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கியிருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சைக்கிள் சீட்டுக்குப் பழைய கம்பளத்துண்டை வெட்டித் தைத்திருக்கிறாள். மேடு வந்தால் சைக்கிளோடு பேசுவாள்: "நட, கழுத, நட. ஒனக்கென்ன முட்டியா வலிக்குது?"

கடலோரச் சாலையில் நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் வடக்கேயிருந்து தெற்கேதான் போவார்கள். காற்று அங்கே அப்படித்தான் வீசும்; முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போகும். ஹத்தாவோ சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெற்கே தர்ஃபாயாவில் போய் இறங்கி, அங்கிருந்து காற்றை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓட்டி வந்தாள், வழியெல்லாம் படம் பிடித்துக்கொண்டு. புருஷன் மூஹா டாக்சி ஓட்டுகிறவன், சாலையின் குணம் தெரிந்தவன். எதிர்க்காற்று ஆளைத் தின்றுவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"பொம்பள ஒருத்தி சைக்கிள்ல வீட்ட விட்டுப் போறான்னா ஊரு சும்மா இருக்குமா? நான் எங்கயும் போகல மூஹா, வந்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்கு வர்றவள எவன் மறிப்பான்?"

அவள் கணக்குத் தப்பவில்லை. வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி எங்கே போகிறாய் என்றார். வீட்டுக்கு என்றாள். வீடு எங்கே என்றார். கெனிஃப்ரா என்றாள். அந்த மனிதர் அவள் காலில் கிடந்த பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்தார். வடக்கே நீண்டு கிடந்த சாலையைப் பார்த்தார். தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கம் தள்ளினார்.

ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பயணம் புத்தகமானது. ஓட்டும்போதே போனில் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். டாக்சி நிலையத்தில் ஆறு பேர் சேரும்வரை வண்டி கிளம்பாது அல்லவா, அந்த நேரத்தில் மூஹா ஸ்டியரிங் மேல் வைத்து அதை எழுதினான். எழுதியதைச் சாயங்காலம் வாசித்துக் காட்டினால் சண்டைதான். சூரியன் பொன்னாய் எழுந்தது என்று ஒரு நாள் எழுதிவிட்டான். "நான் எப்படா பொன்னுன்னேன்? வலது காது சுட்டுதுன்னுதானே சொன்னேன். காத எழுது." வெளியிட யாரும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் தாங்களே காசு கொடுத்து அடித்தார்கள். அச்சகக்காரர்களுக்குத் தெரிந்த வேலை அதுதானே. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் தங்கப் பூங்கொடி வந்துவிட்டது. மூஹா தலையில் கை வைத்துக்கொண்டான். ஹத்தாவுக்குப் பரம திருப்தி.

படம்தான் லேசில் முடியவில்லை. பாதி வெட்டி ஒட்டியதைக் காசாபிளாங்காவில் பட விழா நடத்துகிற தாஹர் என்பவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் கெனிஃப்ராவுக்கே வந்துவிட்டார். அவர் மனதைப் பிடித்தது ஒரே ஒரு காட்சி. பயணத்தின் தொடக்கத்தில், அக்ஃபெனிர் என்ற கடலோர ஊரில், சைக்கிளைத் தள்ளவும் தெம்பில்லாமல் ஹத்தா ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்ததும், நாளைக்குப் பஸ் ஏறிவிடுகிறேன், என்னால் ஆகாது என்று மூக்கு ஒழுக அழுதாள். சுவரோரம் வைத்த கேமரா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி முபாரக்கா, தான் புடவைபோல் உடம்பைச் சுற்றியிருந்த நீல மெல்ஃபாவின் தலைப்பை இழுத்து, அவள் தலைக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே துணிக்குள் இரண்டு பேர். துணி மட்டும் குலுங்கும். மறுநாள் காலையில் ஹத்தா சைக்கிள் ஏறிவிட்டாள்.

"அந்த அழுகதாம்மா படம். மத்ததெல்லாம் ரோடு" என்றார் தாஹர். அது இருந்தால் விழாவின் முதல் நாளே போடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

ஹத்தா சரி என்று தலையாட்டவில்லை. மருதாணி விருந்துக்கு ஒரு நியாயம், சாலைக்கு ஒரு நியாயமா? மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பயணத்தில் தங்கின வீடு ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து, பாத்துக்கோ என்று காட்டினாள். ஒருத்தி, பானை கரியாக இருக்கிறது, அடுப்பை எடுத்துவிடு என்றாள். இன்னொருத்தி, நான் இருக்கட்டும், பின்னால் நிற்கிற என் கொழுந்தனை எடுத்துவிடு என்றாள். எடுத்தாள். கடைசியாக அக்ஃபெனிர்.

முபாரக்கா முழுதும் பார்த்தாள். டீயை உயரத் தூக்கி நுரை வர ஊற்றிக்கொண்டே பார்த்தாள். பிறகு, தன் முகம் இருக்கட்டும், வீடு இருக்கட்டும், அந்த அழுகையை மட்டும் எடுத்துவிடு என்றாள்.

"எங்க வாசல்ல வந்தவ அழுதான்னா, இவ என்ன குடுத்தாளோ, என்ன பேசுனாளோன்னுதான் நாலு பேரு கேப்பாங்க. விருந்தாளி கண்ணுல தண்ணின்னா அது வீட்டுக்குத்தாண்டி பழி."

அது இல்லாவிட்டால் விழாவில் படத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஹத்தா மெதுவாகச் சொன்னாள்.

"நீ வெச்சுக்கோ தாயி, ஒன் படம். கேட்ட, சொன்னேன். ஆனா ஒண்ணு யோசி. நான் எதுக்குத் துணியப் போட்டு மூடுனேன்? யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே."

ஹத்தா முதல் கிளாஸ் குடித்தாள். இரண்டாவது குடித்தாள். படம் பிடிக்கிறவளுக்கு அப்படி ஒரு காட்சி வாழ்நாளில் ஒரு தடவை அகப்பட்டால் பெரிது. அவளுக்கு அது தெரியாதா என்ன? மூன்றாவது கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தக் காட்சியை அழித்தாள். மூஹாவிடம் இருந்த பிரதியையும் போனிலேயே சொல்லி அழிக்க வைத்தாள். அப்போது அச்சுக்குப் போகாதிருந்த புத்தகத்திலும் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "புஸ்தகத்தப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லலியே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

இந்தக் கதையில் மட்டும் அதை எப்படிச் சொல்லலாம் என்று கேட்பீர்கள். பிற்பாடு முபாரக்காவிடம் கேட்டாயிற்று. வாயால் சொல்றது வேற, கண்ணுல காட்டுறது வேற, சொல்லிக்கோ, ஆனா அன்னிக்கு ஆட்டுக்கறி போட்டேங்கறதையும் சேத்துச் சொல்லு என்றாள். சொல்லியாகிவிட்டது, ஆட்டுக்கறி போட்டாள்.

தாஹர் கைவிரித்துவிட்டார். குளிர்காலத்தில் கல்யாணம் இல்லாமல் சும்மா கிடந்த மண்டபத்தில், மணமக்கள் மேடைக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டி ஹத்தாவே படத்தைப் போட்டாள். ஊர்ப் பெண்கள் பிள்ளைகுட்டியோடு வந்து நிறைந்தார்கள். துணியில் காற்று மணலை வாரி அடித்தது. ஹத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முபாரக்காவின் வாசலுக்கு வந்தாள். முபாரக்கா கதவைத் திறந்து சிரித்தாள். அடுத்த நொடி விடிந்து, ஹத்தா சைக்கிள் மேல் இருந்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கவே சொன்னாள்: "குடுத்து வெச்சவ. ஒரு நோவு நொடி இல்ல பாரு. சிரிச்சிக்கிட்டே வந்து சேந்துட்டா." சுற்றிலும் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பின்னால் ஹத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூஹாவுக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பாதி எழுந்துவிட்டான். ஹத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் தோளில் கையை வைத்து, அழுத்தி உட்கார வைத்தாள்.