ஜவளகிரி தாண்டி, எல்லையில் நிற்கும் கல்

இந்தப் பதிவில்:
1. ஓசூரிலிருந்து கல் வரை வழி, நேரம், செலவு
2. கல்லின் அளவு
3. அது நடுகல் அல்ல, வெறும் எல்லைக்கல் என்பதற்கான காரணம்

புறப்படும் முன்பே இந்தப் பட்டியலை எழுதிவிட்டேன். ஏன் என்பதை மறைப்பானேன்? ஓசூர்த் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்த சண்முகம், இது வீரன் உருவம் செதுக்கிய நடுகல் என்று போன மாதம் தன் வலைப்பூவில் எழுதினான். "எவ்வளவு அழகா எழுதறாரு பாருங்க" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள். என் பதிவுகளை அவள் படிப்பதில்லை. அவன் போட்டிருந்த படத்தில் மஞ்சள் அப்பிய கல்தான் தெரிந்தது, வீரனைக் காணோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குப் பேருந்து, கட்டணம் நாற்பது ரூபாய். 8.15க்கு ஜவளகிரி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ. காத்திருந்து திரும்ப முந்நூறு.

"நீங்களும் கல்லு பாக்கவா சார்?" என்றார் ஓட்டுநர். "போன மாசம் ஒரு மீசக்கார சார் வந்தாரு, வழியெல்லாம் ஒரே சிரிப்பு. நீங்க ஏன் சார் டேப்ப இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க?"

டேப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கர்நாடக வரவேற்புப் பலகைக்கு நாற்பது அடி முன்னால், இடப்புறம் கல். உயரம் மூன்றடி இரண்டு அங்குலம். அகலம் அளப்பதற்குள் பக்கத்து ராகிக் கொல்லையிலிருந்து மாதம்மா என்பவர் குடத்துடன் வந்துவிட்டார்.

"தள்ளுங்க சார், எல்லச்சாமி குளிக்கணும்."

வெள்ளிதோறும் பழைய மஞ்சளைக் கழுவிப் புதிதாகப் பூசுவாராம். தேய்க்கத் தேய்க்க ஓங்கிய வாள் தெரிந்தது. பிறகு மடங்கிய முழங்கால், இடுப்பில் குறுவாள். கைப்பேசியை எடுத்தேன்.

"ஐயே, குளிக்கறப்ப போட்டோ எடுப்பாங்களா? உங்க ஊட்ல எடுப்பீங்களா? அந்த மீசக்கார சார் ரெண்டு வெள்ளிக்கெழம வந்தாரு. தண்ணி மோந்து குடுத்தாரு. மஞ்சள் பூசுனப்புறந்தான் படம் எடுத்தாரு."

வீரன் தெரியும் ஒரே ஒரு படம், அவனை முந்திவிடலாம். மாதம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கைப்பேசியைப் பையில் போட்டேன். பண்பு என்று நினைக்காதீர்கள், பயம்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குள் போங்கள். வழியில் கடை இல்லை, குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உண்டு. மாலை நான்குக்குள் ஜவளகிரி திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது குறிப்பு தவறு. அது நடுகல்தான். வீட்டில் இதைச் சொன்னேன்.

"அதத்தான் அவரு அன்னைக்கே எழுதிட்டாரே" என்றாள் மனைவி.