ஆட்டோவில் யாரும் இல்லை

ஜோதிலிங்கத்துக்கு ஓட முடியாது. வலது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இருந்தும் ஐம்பது வயதுக்கு மேல் அவர் பெயிண்ட்பால் ஆடக் கற்றுக்கொண்டார்.

தில்லி ஜனக்புரியில் வீடு. அரசு நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவு மேலாளர். அலுவலகத்தில் எல்லோரையும் ஒருநாள் சத்தர்பூருக்கு அப்பால் இருக்கும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். இளைஞர்கள் சாயத் துப்பாக்கியோடு பாய்ந்து ஓடி, உடனே சாயம் பட்டு, ஆட்டமிழந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இவர் டயர் அடுக்கின் பின்னால் நின்று, எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திருநெல்வேலிக் குரல், மைதானம் முழுக்கக் கேட்கும். அன்று அவர் இருந்த பக்கம்தான் ஜெயித்தது. அதைப் பார்த்து அவரைத் தங்கள் அணிக்குக் கேட்டவர்கள், அங்கே ஆட வந்திருந்த தமிழர்களான இஸ்மாயிலும் ஸ்நேகாவும்.

இஸ்மாயில் நொய்டாவில் ஒரு செய்தி சேனலில் படத்தொகுப்பாளன். ஸ்நேகா குருகிராமில் நிதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள்தான் முன்னால் ஓடுபவள். இஸ்மாயில் நடுவில் நின்று குறி பார்ப்பவன். ஜோதிலிங்கம் பின்னால், அணியின் கண்ணும் வாயும். அவர் சொல்வது முழுக்கத் தமிழில் இருக்கும். எதிரணிக்குப் புரியாது. அந்த ஒரு வசதியை வைத்தே பல ஆட்டங்களை ஜெயித்தார்கள்.

ஜனவரியில் ஒரு போட்டி. அணிக்கு மூன்று பேர். மூன்று சுற்றில் இரண்டை வென்றவர்களுக்குக் கோப்பை. இறுதிப் போட்டி நடந்த அன்று குளிர் எலும்பைக் குத்தியது. குளிரில் சாய உருண்டைகள் விறைத்து, துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே உடைந்துவிடும். அதனால் இஸ்மாயில் உருண்டைப் பையை ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்தான். முகமூடிக் கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கிவிடாமல் இருக்க, மூவரும் இரட்டைக் கண்ணாடி போட்ட முகமூடி வாங்கியிருந்தார்கள். முதல் சுற்றில் எல்லாம் சரியாக நடந்தது. ஜெயித்தார்கள்.

இரண்டாவது சுற்றில் ஏதோ பிசகியது. ஸ்நேகா எந்தப் பக்கம் ஓடினாலும் அவளுக்கு முன்பே அங்கே சாயம் வந்து விழுந்தது. ஜோதிலிங்கம் எதிரணியின் தலைவனைக் கவனித்தார். ஹர்மீத் என்று பெயர், உயரமான பஞ்சாபிப் பையன். "ஸ்நேகா, ட்ரம்முக்கு மாறு" என்று இவர் கத்தியதும், அவள் அசையும் முன்பே ஹர்மீத்தின் துப்பாக்கி ட்ரம் பக்கம் திரும்பியது.

ஜோதிலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. இவனுக்குத் தமிழ் தெரியும்.

அந்தச் சுற்று போயிற்று. மூன்றாவதற்கு நடுவர் உடனே விசில் ஊதிவிட்டார். மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொல்லக்கூட நேரமில்லை. ஸ்நேகா ஓடிப்போய் வலது பக்கம் பலகைச் சுவரின் பின்னால் குந்தினாள். இஸ்மாயில் இடது பக்கம் ட்ரம்களுக்குப் பின்னால். மைதானத்தின் நடுவில் சக்கரமில்லாத பழைய ஆட்டோ ஒன்று கிடந்தது. ஹர்மீத் குனிந்து ஓடி அதன் உள்ளே புகுந்ததை ஜோதிலிங்கம் பார்த்தார். இஸ்மாயிலும் பார்த்தான். பலகை மறைத்ததால் ஸ்நேகா பார்க்கவில்லை.

இஸ்மாயில் ஒருவனை அடித்து வெளியேற்றினான். இன்னொருவன் தூரத்தில் மரத்தடியில் பதுங்கியிருந்தான். ஹர்மீத் ஆட்டோவைவிட்டு அசையவில்லை. தகரத்தின் பின்னால் அவன் இருக்கும்வரை யாராலும் அவனைத் தொட முடியாது.

"அங்கிள், சொல்லுங்க. எங்க இருக்காங்க?" என்று ஸ்நேகா கத்தினாள்.

உண்மையைச் சொன்னால் அவனுக்கும் கேட்கும். சும்மா இருந்தால் நேரம் முடிந்துவிடும். பிறகு வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஆட்டோவுல யாரும் இல்ல, ஸ்நேகா. ஓடிப்போய்ப் பிடிச்சுக்கோ."

இஸ்மாயில் சட்டென்று தலையைத் திருப்பி இவரைப் பார்த்தான். ஸ்நேகா திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நேராக ஓடினாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிய ஹர்மீத், ஆட்டோவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மிகக் கிட்டத்தில் அவளைச் சுட்டான். நீட்டிய அந்த உடம்பில் இஸ்மாயில் சுட்டான். மிச்சமிருந்தவன் பதறிக் கிளம்ப, அவனையும் இஸ்மாயிலே முடித்தான்.

கோப்பை வந்தது. ஹர்மீத் வந்து கை கொடுத்தான். "நான் மோதி பாக் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவன் அங்கிள். மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் தமிழ்க்காரங்க. நல்லா ஏமாத்திட்டீங்க" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தான்.

ஸ்நேகா மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே முகமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றாள். கழுத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. ஹர்மீத் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"உள்ள ஆள் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"உன்கிட்ட சொன்னா அவனுக்கும் கேட்ரும்லா. வேற வழி தோணல, ஸ்நேகா."

"அச்சா. அப்ப அது ப்ளான். எனக்கு மட்டும் தெரியாத ப்ளான்." அவள் குரல் உயரவில்லை. "போய் அடி வாங்குன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேன் அங்கிள். நீங்க யாரும் இல்லன்னு சொன்னீங்க."

இஸ்மாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மூவரும் சேர்ந்து வந்த காருக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அதன்பின் ஞாயிறு பயிற்சிகளுக்கு அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஒருநாள் வீட்டில், அலமாரியில் இருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே ஜோதிலிங்கத்தின் மனைவி லதா கேட்டாள்: "அந்தப் பொண்ணு மேல படும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கஷ்டமா இருக்கு."

"அத அவகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வேறு வழியில்லை என்றுதான் சொல்லியிருந்தார். அன்றே போனில் குரல் செய்தியாகப் பேசி ஸ்நேகாவுக்கு அனுப்பினார்: "நீ அடிபடுவன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு. ஜெயிச்சதுனால அது சரியாயிராது." பதில் வரவில்லை.

குளிர் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானாக மைதானத்துக்கு வந்தாள். "பொய் சொல்லணும்னா முதல்ல என் முழுப் பேரைச் சொல்லுங்க. 'ஸ்நேகலதா'ன்னு. எனக்குப் புரிஞ்சிடும்" என்று மட்டும் சொன்னாள். மற்ற இருவரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த போட்டியில் ஜோதிலிங்கம், "ஸ்நேகா, பலகை காலியா இருக்கு, ஓடு" என்றார். நிஜமாகவே காலிதான். அவள் எழுந்தாள். எழுந்தவள் ஒரு கணம் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் தோளில் அடிபட்டது.

வெளியே வந்ததும், "ஸாரி அங்கிள். கால் நகரல" என்றாள்.

"நீ எதுக்கு ஸாரி சொல்லுத" என்றார் அவர்.

அந்தப் போட்டியில் தோற்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்குமுன், எதிராளி யாரும் இல்லாத மைதானத்தில் அவர் சொல்ல அவள் ஓடுகிறாள். அவள் திரும்பிப் பார்ப்பது குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை.