ஆறு திருகாணிகள்

ஊரார் வீட்டுக் குழாய் எங்கே அடைக்கும், எது எப்போது கசியும் என்று பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் கொல்லையில் இருக்கும் வாத்துத் தொட்டியின் ஆடும் வடிகுழாயை இறுக்க மட்டும் இரண்டு வருடம் இழுத்தடித்தார். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் போன வாரம்தான் உட்கார்ந்தார். வழக்கம்போல ஆறு திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டார். வந்தது ஒரு தும்மல். ஆறும் தண்ணீருக்குள் போயின. டப்பாவிலிருந்து வேறு ஆறை எடுத்து முடுக்கிவிட்டு, விழுந்ததைத் தொட்டி கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

நாலாம் நாள் பழுப்பு வாத்து கழுத்தைத் தொங்கப் போட்டது. மனைவி அதைக் குஞ்சிலிருந்தே மடியில் வைத்து வளர்த்தவள். “புதுத் தீனி மாத்துனேன்ல, நானே அதைக் கொல்றேன்” என்று இரண்டு நாளாக அழுகிறாள். பிளம்பருக்குத் திருகாணி நினைப்பு வந்தது. வாத்து ஒன்றை முழுங்கியிருக்குமோ? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆறும் தொட்டியிலேயே கிடந்துவிட்டால் சொல்லவே தேவையில்லை என்று ஒரு நப்பாசை.

இன்று காலை தொட்டியைத் திறந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் வடிந்ததும் அடிச்சேறு நாறியது. அதைக் கைகையாக அள்ளிச் சல்லடையில் அலசினார். பாசியைத் துடைப்பத்தால் தேய்த்து, மூலை மூலையாகத் தடவினார். ஐந்து கிடைத்தன. ஆறாவதைக் காணோம்.

டப்பாவில் அதே அளவுத் திருகாணி எத்தனையோ இருந்தன. ஒன்றைச் சேற்றில் புரட்டி அந்த ஐந்தோடு சேர்த்துவிட்டால் ஆறும் கிடைத்ததாகிவிடும்; யாருக்குத் தெரியப்போகிறது? பாவி மனிதர், புரட்டவும் புரட்டிவிட்டார்.

அப்போது மனைவி வாத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“டாக்டர்கிட்டப் போறேங்க. தீனியாலதான்னு சொல்லிடுறேன்.”

பிளம்பர் சல்லடையைக் கீழே வைத்தார்.

“அப்படிச் சொல்லாத. தப்பான மருந்தைக் குடுத்துடுவாரு. அது திருகாணியை முழுங்கியிருக்கும். நான்தான் போன வாரம் தொட்டியில தவறவிட்டேன்.”

“அப்ப தீனியில்லையா?”

“இல்ல.”

“நான் அழுதுக்கிட்டு இருந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

கத்துவாள் என்று பார்த்தார். அவள் வாத்தை மெதுவாக அவர் கையில் வைத்தாள்.

“நீங்களே கொண்டுபோய் உங்க வாயால சொல்லுங்க. நான் வந்தா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வருவேன். ரெண்டு நாளாத் தூங்கல, போய்ப் படுக்குறேன்.”